ருசி பார்த்தவள்

தெங்சானுக்கு ஒரு விக்கல் வந்தால் போதும், அவர் பெண்டாட்டி பெக்லியான் ஊரையே இரண்டாக்கிவிடுவாள்.

போன வருஷம் ஒரு காலையில் இப்படித்தான். அவள் வைத்த கெட்டிக் கஞ்சியை ஆறவிடாமல் ஒரு வாய் விழுங்கினார். தொண்டை சுட்டு விக்கல் எடுத்தது. அடுப்படியில் எதையோ நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைப் போட்டுவிட்டு வந்து எதிரே நின்றாள்.

"என்னத்தத் தின்ன?"

"கஞ்சி."

"பொய் சொல்லாத. தோட்டத்துல என்னத்தத் தின்ன?"

"நான் ஒண்ணும் தின்னலடி. கஞ்சி சுட்டுருச்சு."

"வாயத் தொற."

அறுபது தாண்டிய மனுஷன், பல் டாக்டர் முன்னால் நிற்பதுபோல வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அவள் முகர்ந்து பார்த்தாள். அந்த நேரம் பார்த்து இன்னொரு விக்கல் வந்து தொலைந்தது. அவ்வளவுதான், செருப்பு மாட்டக்கூட விடாமல் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். பாதி வழியிலேயே விக்கல் நின்றுவிட்டது. அதைச் சொன்னால் அவள் நம்ப வேண்டுமே. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெய்ரோங் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும், "பெரியம்மா பண்ணினதுதான் சரி. இனிமேலும் இப்படியே தூக்கிட்டு வாங்க" என்றாள்.

"ஊரே பார்த்துச் சிரிச்சுது, செருப்புக்கூட இல்லாம" என்று திரும்பி வரும்போது தெங்சான் முணுமுணுத்தார்.

"சிரிக்கட்டும். கெழட்டுக் கொரங்கே, நீ போயிட்டா அப்புறம் நான் யார்கிட்டச் சண்டை போடறது?"

எங்கள் பக்கம் யாருக்காவது விக்கல் எடுத்தால், "யார் வீட்டுக் கோழிமுட்டையத் திருடித் தின்ன?" என்று கேட்டுச் சிரிப்பதுதான் வழக்கம். ஊரே சிரிக்கிற விஷயத்துக்கு அவள் ஒருத்தி மட்டும் பயந்தாள். பயந்ததற்குக் காரணம் இருந்தது.

தெங்சானின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினோடு குழாய் போட்டுப் படுத்துக் கிடக்க வேண்டும். அதற்கு டயாலிசிஸ் என்ற பேரெல்லாம் எங்கள் வாயில் நுழையாது. "கிட்னி கழுவப் போறேன்" என்போம், ஏதோ வண்டி கழுவப் போவது மாதிரி. இந்தத் தாய்வானில் தெருவுக்கு ஒருவராவது கழுவப் போகிறார், அதனால் அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஏக்கம் மட்டும் உண்டு. அந்த மனுஷனுக்குச் சிறுநீர் வருவதே நின்றுபோயிருந்தது. கூலிக்கு வந்தவன் எவனாவது வேலியோரம் நின்று ஒண்ணுக்குப் போகிற சத்தம் கேட்டால், கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். "கொடுத்து வெச்சவன்" என்பார். சிரிப்பாகத்தான் சொல்வார். பெக்லியான் சிரிக்க மாட்டாள்.

முதன்முதலில் கழுவப் போன அன்று பெய்ரோங்தான் இரண்டு பேரையும் உட்கார வைத்து விளக்கம் சொன்னாள். சின்னப் பெண், ஆனால் பேச்சில் கெட்டி. பழத்தோட்டக்காரர்கள் என்று தெரிந்ததும், கையில் வைத்திருந்த கிட்னிப் படத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டாள்.

"பழம் தரம் பிரிக்கறப்ப என்ன பண்ணுவீங்க பெரியம்மா?"

"கூடையில கை விட்டு, அழுகினதப் பொறுக்கி வெளிய போடுவோம். வேற எப்படி?"

"கிட்னி அப்படிப் பண்ணாது. அது கூடையையே பாயில கவுத்துடும். ரத்தத்துல இருக்கிற தண்ணி, உப்பு, சர்க்கரை, அழுக்கு எல்லாத்தையும் ஒரு சல்லடை வழியா மொத்தமா வெளிய எறக்கிடும். அப்புறம் உக்காந்து, ஒடம்புக்கு வேணுங்கறத மட்டும் பார்த்துப் பார்த்துத் திருப்பிக் கூடையில எடுத்துப் போடும். வேர்வை நெறையப் போன அன்னைக்குத் தண்ணிய அதிகமா எடுத்துக்கும். உப்பு நெறையத் தின்ன அன்னைக்கு உப்ப விட்டுடும். கடைசியில பாயில மிஞ்சிக் கெடக்குதே, அதுதான் மூத்திரம். ராத்திரி பகல் பார்க்காம இதையே பண்ணிட்டிருக்கும்."

"எதுக்கு வீண் வேலை? கெட்டத மட்டும் எடுத்துப் போட்டாப் போதாதா?"

"கெட்டது எது எதுன்னு முன்கூட்டியே யாருக்குத் தெரியும் பெரியம்மா? நாளைக்கு நீங்க புதுசா ஒரு விஷத்தத் தின்னாலும், பாயில கொட்டினப்புறம் 'இது நம்ம வீட்டுச் சரக்கு இல்ல'ன்னு பெரும்பாலும் தொடாம விட்டுடும். அதான் அதோட கெட்டிக்காரத்தனம்."

பெக்லியான் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "இந்தக் கொரங்கோட கிட்னி இப்ப என்ன பண்ணுது?"

"பாயச் சுருட்டி வெச்சுட்டுத் தூங்குது."

மூன்று பேரும் சிரித்தார்கள். அழ வேண்டிய நேரத்தில் சிரிக்கத் தெரிந்த ஜனங்கள் நாங்கள்.

"தூங்கப் போறேன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லாதா அது?" என்று தெங்சான் கேட்டார்.

"சொல்லாது பெரியப்பா. அதோட கெட்ட குணமே அதுதான். ஒரு பகுதி செத்தாலும் மிச்சமிருக்கிறது அதோட வேலையையும் சேர்த்துப் பார்க்கும். வலிக்காது, முனகாது. முக்கால்வாசி போனப்புறம்தான் நமக்கு வெளிய தெரியும். ரத்தத்த டெஸ்ட் பண்ணினாத்தான் உண்டு." பெய்ரோங் பெக்லியானைப் பார்த்துச் சொன்னாள். "நீங்களும் ஒரு தடவ பண்ணிக்கங்க பெரியம்மா."

"எனக்கென்ன கேடு? எரும மாதிரி இருக்கேன். அறுவடை முடியட்டும், பார்க்கலாம்."

அறுவடை முடிந்தது. அடுத்த அறுவடையும் முடிந்தது.

அன்றைக்கே பெய்ரோங் இன்னொன்றும் சொன்னாள். அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் தயங்கினாள், ஏனென்றால் அவர்கள் தோட்டத்தில் விளைவது நட்சத்திரப் பழம். குறுக்கே வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரமாக விழுமே, அந்தப் பழம்தான். தெங்சானின் அப்பா நட்ட மரங்கள் அவை.

"இனிமே இந்தப் பழத்த நீங்க வாயில வைக்கக் கூடாது பெரியப்பா. ஒரு துண்டுகூட. அதுக்குள்ள ஒரு விஷம் இருக்கு. கிட்னி நல்லா இருக்கிறவங்களுக்கு அது பெருசா ஒண்ணும் பண்ணாது, வெளிய போயிடும். உங்களுக்கு வெளிய தள்ள ஆளு கெடையாது, நேரா மூளைக்குப் போகும். மொதல்ல விக்கல் வரும், நிக்காத விக்கல். அப்புறம் தூக்கம் போயிடும், பேச்சு தடுமாறும், வலிப்பு வரும். அதனால விக்கல் வந்த ஒடனே ஓடி வந்துடணும். விடியட்டும்னு இருக்கக் கூடாது."

 "அப்ப நான் எப்படிப் பழம் பறிப்பேன்?" என்றார் தெங்சான். உயிர் போகும் என்கிறார்கள், இந்த மனுஷனுக்கு அந்தக் கவலை.

அந்தக் கவலை அவருக்கு நியாயமாகப் பட்டது. பழம் பிஞ்சாக இருக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் காகித உறை மாட்டிவிடுவார்கள். உறைக்குள் எது பழுத்தது, எது பழுக்கவில்லை என்று மரத்துக்கு மரம் ஒரு பழம் தின்று பார்த்துத்தான் தெங்சான் முடிவு செய்வார். கடித்துத் துப்புகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. விழுங்கணும் என்பார். விழுங்கிய பிறகு அடித்தொண்டையிலிருந்து ஓர் இனிப்புத் திரும்பி வரும், அது வந்தால்தான் பழம் என்பார். பழம் வாங்க வருகிற வியாபாரி ஆகோக், தெங்சான் சரி என்று சொன்ன பழத்தை மறுபடி சோதித்ததே கிடையாது. தாய்ச்சுங் நகரத்தில் வேலை பார்க்கும் மகள் யிசியான், இனிப்பைக் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தாள். ஒரு சொட்டுச் சாறு விட்டால் போதும், எண் காட்டும். "எண்ணத் தின்னவா முடியும்?" என்று அவர் அதைப் பெட்டியோடு இழுப்பறையில் போட்டு மூடிவிட்டார்.

"நான் தின்னு சொல்றேன்" என்றாள் பெக்லியான்.

"உனக்கென்ன தெரியும்?"

"இத்தன வருஷமா நான் சமைச்சதத்தானே தின்ன. எனக்குத் தெரியாத ருசியா?"

அப்படித்தான் அவள் ருசி பார்க்கத் தொடங்கினாள். அவர் உறையைக் கிழித்து, பழத்தின் முனைகளைச் சீவிக் கொடுப்பார். அவள் கடித்து, மென்று, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். அவர் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார். "திரும்பி வருதா?" என்பார். "வருது, வருது. இரு, அவசரப்படுத்தாத" என்பாள். "நாளைக்கு வரும்" என்று சில மரங்களைத் தள்ளி வைப்பாள். ஆரம்பத்தில் அவர் நம்பவில்லை. ஆகோக் வந்து பழத்தைத் தின்றுவிட்டு, "உங்க நாக்க விட பெரியம்மா நாக்கு தேவலாம்" என்றதும் தெங்சானின் மூஞ்சி போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

காலையில் எழுந்ததும் அவள் செய்கிற முதல் வேலை ஒன்று இருந்தது. மெஷினுக்குக் குழாய் போடுவதற்காக அவருடைய இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களை அறுவை செய்து ஒன்றாக இணைத்திருந்தார்கள். அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தால், பூனையைத் தடவும்போது உறுமுமே, அதுபோல ரத்தம் உறுமிக்கொண்டு ஓடுவது தெரியும். உறுமல் நின்றால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். பெக்லியான் படுக்கையிலிருந்தபடியே கையை நீட்டித் தொட்டுப் பார்ப்பாள். "ஓடுது" என்பாள். அதற்குப் பிறகுதான் எழுந்து முகம் கழுவுவாள்.

அவரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாள். தண்ணீரை அளந்து கொடுத்தாள். கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு வதக்கினாள். வாழைப்பழம் என்றால் வீட்டுக்குள்ளேயே விடமாட்டாள். ஆனால் அவளை யார் பார்த்தார்கள்? விளக்குக்கு அடியில்தான் இருட்டு.

பொடி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மத்தியான ரேடியோவில் ஒருத்தன் வருவான். பழைய பாட்டுக்கு நடுவே, "அக்கா, அம்மா" என்று தேன் ஒழுகப் பேசி, இடுப்புக்கு வலு, மூட்டுக்கு மருந்து என்று மூலிகைப் பொடி விற்பான். அவன் நாசமாய்ப் போக. பெக்லியான் அதைப் பல வருஷம் வாங்கிப் புருஷனுக்குக் கலக்கிக் கொடுத்திருக்கிறாள். பெக்லியான் கொண்டுபோய்க் காட்டிய டப்பாவைப் பெய்ரோங் முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல என்ன கலந்திருக்குன்னு கடவுளுக்குத்தான் தெரியும். பெரியப்பாவோட கிட்னி கெட்டதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். தூக்கிப் போடுங்க" என்றாள். அன்று வீட்டுக்கு வந்து பெக்லியான் அழுத அழுகை கொஞ்சமில்லை. தன் கையாலேயே கொடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அழுதாளே தவிர, தூக்கிப் போட மனசு வரவில்லை. டப்பா டப்பாவாக மிச்சம் இருந்தது. பொருளை வீணாக்கினால் இடி விழும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். அவளுக்கு முழங்கால் வலி வேறு. "உனக்குத்தானே ஆகாது? எனக்குக் கிட்னி நல்லாத்தானே இருக்கு" என்று தானே கலக்கிக் குடிக்க ஆரம்பித்தாள். தெங்சான் அதைப் பார்த்தார். அவருக்கும் அது சரியான பேச்சாகத்தான் தோன்றியது. வீணாகப் போகாமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டார். டப்பாக்கள் தீர்ந்த பிறகு அவள் ரேடியோக்காரனிடம் மறுபடி சொல்லி அனுப்பியதும் அவருக்குத் தெரியும்.

இந்த வருஷ அறுவடையில்தான் எல்லாம் கெட்டது. மரத்துக்கு மரம் அவள் "இன்னும் வரல, இன்னும் வரல" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பேச்சை நம்பி விட்டு வைத்தார்கள். ஆகோக் வந்து உறையைக் கிழித்துப் பார்த்தால், பழம் பழுத்துக் குழைந்து ஓரமெல்லாம் கறுத்திருந்தது.

"என்ன பெரியப்பா, எனக்குப் பழம் வேணும், ஜாம் வேணாம்" என்றான் ஆகோக். அவன் கேலியாகச் சொன்னதுதான். தெங்சானுக்குச் சுருக்கென்று தைத்தது.

அவன் போனதும் அவளிடம் பாய்ந்தார். "நாக்கு செத்துப்போச்சா உனக்கு?"

"என்னமோ தெரியல. எதத் தின்னாலும் இரும்ப நக்கின மாதிரி இருக்கு. சோறுகூட அப்படித்தான்."

"சோத்த யார் கேட்டா? பழத்தச் சொல்லு."

"சொல்றேன். கத்தாத."

மறுநாள் வெயில் ஏறும் முன்பே இருவரும் தோட்டத்துக்குள் இறங்கினார்கள். அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கால் வீங்கி ரப்பர் பூட்ஸ் ஏறாததால் பழைய செருப்போடு வந்திருந்தாள். "வயசானா வீங்கத்தான் செய்யும்" என்று தெங்சான் சொல்லிவிட்டார். முதல் மரத்தில் ஒரு பழம் கொடுத்தார். தின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். 

"வருதா?"

"வர்ற மாதிரி இருக்கு."

"மாதிரின்னா என்ன அர்த்தம்? வருதா வரலையா?"

"இன்னொண்ணு கொடு."

இன்னொன்று கொடுத்தார். அதற்கும் அதே பதில். அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று போனார்கள். ஒரு பழத்தில் தெரிந்துகொண்ட இடத்தில் இப்போது இரண்டு மூன்று தேவைப்பட்டது. நடுவில் ஒருமுறை வாயில் வைத்ததை அவள் துப்பப் போனாள்.

"துப்பாத. விழுங்கினாத்தான் தெரியும்" என்றார் தெங்சான்.

அவள் விழுங்கினாள். தாகம் எடுத்தபோதும் தண்ணீருக்காகக் கொட்டகை வரை நடக்கச் சோம்பல்பட்டு, பழத்திலேயே தண்ணீர் இருக்கிறதே என்று இன்னொன்றைக் கடித்தாள். வெயில் சாய்வதற்குள் தோட்டம் முழுவதையும் முடித்துவிட்டார்கள். கடைசி வரிசையில் அவள், "வருது. இது நிச்சயமா வருது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவரைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னாள் என்று அவருக்கு அப்போதே தெரியும்.

சாயங்காலம் சோறு போடும்போது அவளுக்கு விக்கல் எடுத்தது.

தெங்சான் சிரித்துவிட்டார். காலையிலிருந்து காட்டிய எரிச்சலுக்கு எப்படிச் சமாதானம் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தவருக்கு அந்த விக்கல் ஒரு சாக்காகக் கிடைத்தது. "யார் வீட்டு முட்டையத் திருடித் தின்ன?" என்றார்.

"உன் வீட்டு முட்டைதான்" என்று அவளும் சிரித்தாள். விக்கிக்கொண்டே சிரித்தாள்.

குனிந்து தண்ணீர் குடித்துப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். அவர் பின்னால் வந்து திடீரென்று கையைத் தட்டிப் பயமுறுத்தினார். "சனியனே" என்று அவள் அடிக்க வந்தாள். அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து அவ்வளவு சிரித்து நாளாகியிருந்தது. விக்கல் மட்டும் நிற்கவில்லை. படுத்த பிறகும் கட்டில் லேசாக அதிர்ந்துகொண்டே இருந்தது. "தூக்கம் வரல" என்றாள். "வெயில்ல அலைஞ்சது, காலையில சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு அவர் தூங்கிப்போனார்.

காலையில் அவள் உள்ளங்கை வழக்கம்போல அவர் இடது கையின் மேல் வந்து விழுந்தது. விழித்துக்கொண்டு அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார். அவள் கையை எடுக்கவே இல்லை. விக்கல் வரும்போதெல்லாம் அந்தக் கை அதிர்ந்தது.

"ஓடல" என்றாள்.

"ஓடுதே. நல்லா ஓடுது பாரு."

"ஓடல." அவள் அழ ஆரம்பித்தாள். "நின்னுபோச்சு. அண்ணனக் கூப்பிடு, வண்டி எடுக்கச் சொல்லு." அவளுடைய அண்ணன் செத்துப் பல வருஷம் ஆகிறது.

தெங்சான் எழுந்து உட்கார்ந்தார். விக்கல், தூக்கம், பேச்சு. பெய்ரோங் சொன்ன வரிசை வார்த்தை மாறாமல் அவருக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் அதை இவளோடு பொருத்திப் பார்க்க மனசு ஒப்பவில்லை. அது அவருக்காகச் சொன்ன வரிசை. நோயாளி அவர். இவள் எருமை மாதிரி இருக்கிறவள். பக்கவாதமாக இருக்கும் என்றுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர், "இவங்களுக்குக் கிட்னியில ஏதாவது பிரச்சனை உண்டா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். கிட்னி கெட்டவன் நான். அவளுக்கு ஒண்ணும் இல்ல."

நல்ல பதில்தான் சொல்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார். அதற்குள் அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. ரத்தப் பரிசோதனை வந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், தெங்சானைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். யாரோ மேல்மாடியிலிருந்து பெய்ரோங்கைக் கூப்பிட்டார்கள். அவள் ஓடிவந்தாள்.

"பெரியப்பா, பெரியம்மாவுக்கு விக்கல் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எப்பலேர்ந்து?"

"நேத்துச் சாயங்காலத்துலேர்ந்து."

"பழம் தின்னாங்களா?"

 தலையை மட்டும் ஆட்டினார்.

"எத்தன பழம்?"

"நான் கொடுத்ததெல்லாம்" என்றார்.

பெய்ரோங் அவர் பக்கத்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் விளக்கிச் சொன்னாள். பெக்லியானுடைய சிறுநீரகங்களில் பெரும்பகுதி எப்போதோ போய்விட்டது. வாயில் இரும்பு ருசி வந்ததும், கால் வீங்கியதும் அதனால்தான். மிச்சமிருந்த கொஞ்சம்தான் இத்தனை நாள் சத்தம் போடாமல் போனதன் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நேற்றுத் தின்ற பழத்தை அதனால் வெளியே தள்ள முடியவில்லை. தெங்சான் கேட்டுக்கொண்டிருந்தார். வலிக்காது, முனகாது என்று இதே பெண் அன்று சொன்னபோது இருவருமே தலையாட்டினார்களே என்று நினைத்துக்கொண்டார்.

அவளையும் கழுவினார்கள். அவள் கையில் அவருக்கு இருப்பதுபோல இணைப்பு இல்லாததால் கழுத்தில் குழாய் போட்டிருந்தார்கள். வழக்கமாக அவர் படுத்துக் கிடப்பார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டிருப்பாள். இப்போது அவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய ரத்தம் சுற்றிய அதே மாதிரி மெஷினில் அவளுடைய ரத்தம் சுற்றிச் சுற்றிப் போய்வந்தது. ரத்தத்தைக் கழுவ முடிந்தது. மூளைக்குள் போய்ச் செய்ததை அதனால் திருப்ப முடியவில்லை. வலிப்பு நிற்கவே இல்லை. தாய்ச்சுங்கிலிருந்து யிசியான் வந்து அம்மா கையைப் பிடித்தபோது உயிர் இருந்தது, நினைவு இல்லை. அன்று பொழுது சாய்வதற்குள் பெக்லியான் போய்விட்டாள்.

"நேத்தே கூட்டிட்டு வந்திருந்தா?" என்று தெங்சான் பெய்ரோங்கிடம் கேட்டார்.

"தெரியல பெரியப்பா" என்றாள் அவள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது.

காரியமெல்லாம் முடிந்தது. வீட்டுக் கூடத்தில் அவள் படத்தை வைத்து, முன்னால் ஊதுவத்தியும் பழத்தட்டும் வைத்தார்கள். துக்கம் கேட்க வந்த ஆகோக், அவளுடைய தோட்டத்துப் பழமாயிற்றே என்ற நல்லெண்ணத்தில், இருப்பதிலேயே பெரிய நட்சத்திரப் பழங்களாகப் பார்த்துத் தட்டில் அடுக்கினான். தெங்சான் எழுந்து போய் அவற்றை எடுத்தார்.

"ஏன் பெரியப்பா?"

"அவளுக்கு ஆகாது" என்றார்.

 செத்தவளுக்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பழங்களை ஆகோக்கே வெளியே கொண்டுபோனான்.

யிசியான் இழுப்பறையைத் திறந்து அந்தக் கருவியை எடுத்து, மிச்சமிருந்த மரங்களைச் சோதித்து ஆகோக்குக்குச் சொன்னாள். சொட்டு விட்டால் எண் வந்தது. ஒரு பழமும் வீணாகவில்லை. தெங்சான் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சுலபமான வேலையா அது என்று நினைத்துக்கொண்டார். ரேடியோக்காரனைத் திட்டலாம், பொடியைத் திட்டலாம், யாரை வேண்டுமானாலும் திட்டலாம். துப்பப் போனவளைத் துப்பாதே என்றது யார் வாய்?

விடுப்பு முடிந்து மகள் ஊருக்குப் போன மறுநாள் காலையில் விழித்ததும், இடது கையை அப்படியே நீட்டியபடி கிடந்தார். வெகுநேரம் கழித்துத்தான் வலது கையை எடுத்துத் தானே தொட்டுப் பார்த்தார். உறுமியது.  எழுந்து அடுப்பை மூட்டிக் கஞ்சி வைத்தார். அவள் வைப்பதுபோல வரவில்லை, தண்ணியாகப் போய்விட்டது. படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் வைத்துவிட்டு, தன் கிண்ணத்தோடு எதிரே உட்கார்ந்து ஆறவிடாமல் ஒரு வாய் குடித்தார்.

தொண்டை சுட்டது. விக்கல் எடுத்தது.

கிண்ணத்தைக் கீழே வைத்தார். அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கத்தி பலகைமேல் கிடந்தது. இன்னொரு விக்கல் வந்தது. வாயைத் திறந்து காட்டுவதுபோல அவர் முகத்தைப் படத்துக்கு நேராக நிமிர்த்தினார்.

"நான் ஒண்ணும் தின்னலடி" என்றார்.